வீட்டுக்கு ஒரு கையெழுத்து

ரம்பாபென் தன் கணவரின் அண்ணன் மதுர்பாயிடம் நேருக்கு நேர் பேசியதே கிடையாது. உகாண்டாவில் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்த நாள் தொட்டு, இங்கிலாந்தின் லெஸ்டரில் ஒரே கூரையின் கீழ் பதினான்கு பேராக நெருக்கியடித்துக் கிடக்கிற இந்த 1977 வரைக்கும், அவர் அறைக்குள் வந்தால், மூத்தவர் முன்னால் முக்காடு போடுகிற வழக்கப்படி அவளுடைய சேலைத் தலைப்பு தானாக நெற்றிக்கு இறங்கிவிடும். அவருக்கு ஏதாவது தெரிய வேண்டுமென்றால் கணவர் ஜகுபாயிடம் சொல்வாள். ஜகுபாய் பக்கத்தில் இல்லையென்றால் தேநீர்க் கெட்டிலிடம் சொல்வாள். கெட்டில் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. ஆனால் சேதி போய்ச் சேர்ந்துவிடும்.

ஊரிலிருந்த குஜராத்திகள் சேர்ந்து தொடங்கிய சமாஜம் பிறந்ததே அவள் வீட்டு முன்னறையில்தான். பதினொரு பேர், ஒரு ஹீட்டர், கழற்றாத கோட்டுகளோடு பஜனை. நான்கு வருடத்தில் அது வளர்ந்து, ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூடத்தின் சாப்பாட்டுக் கூடத்தை வாடகைக்கு எடுக்கிற அளவுக்கு வந்துவிட்டது. வாரத்தில் ஐந்து நாள் பின்னலாடை ஆலையில் ஓவர்லாக் மிஷினில் குனிந்திருக்கிற ரம்பாபென், ஞாயிற்றுக்கிழமை அந்தக் கூடத்தில் பன்னிரண்டு பெண்களை வரிசையாக உட்காரவைத்து, ரொட்லி என்கிற மெல்லிய சப்பாத்தி தேய்க்க வைப்பாள். தலைக்கு நாலு. அந்தக் கணக்கு அவளிடம் தப்பியதே இல்லை.

பெல்கிரேவ் சாலையை ஒட்டிய தெருவில் பழைய மாதாகோயில் கூடம் ஒன்று பூட்டிக் கிடந்தது. சமாஜம் அதை நகராட்சியிடம் கேட்டு, உறுப்பினர்களின் கையெழுத்தோடு எழுதியிருந்தது. பதில் ஒரு வியாழக்கிழமை வந்தது. செயலாளர் சோட்டுபாய் அதே முன்னறையில் கமிட்டியைக் கூட்டிப் படித்துக் காட்டினார். அறுபத்தொரு உறுப்பினர்கள் மட்டுமே உள்ள அமைப்புக்கு இவ்வளவு பெரிய கட்டடம் தேவைப்படாது என்று கருதுகிறார்களாம். கம்பள வியாபாரி ஒருவரும் கேட்டிருக்கிறாராம். மேற்கொண்டு சொல்ல ஏதாவது இருந்தால் திங்கட்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குள் சொல்ல வேண்டுமாம்.

“அறுபத்தொரு பேராம்! இவனுக்கு எண்ணத் தெரியல பாருங்க” என்றார் சோட்டுபாய்.

அந்த அறுபத்தொரு கையெழுத்தையும் வாங்கியவர் அவரேதான். வீடு வீடாகப் போனார். ஒவ்வொரு வீட்டிலும் மூத்த ஆணைக் கையெழுத்துப் போடச் சொன்னார். தேநீர் குடித்தார், வந்துவிட்டார். வீட்டுக்கு மூத்தவர் போட்டால் வீடே போட்ட மாதிரி. இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

சமையலறை வாசலிலிருந்து ரம்பாபென்னின் குரல் வந்தது.

“ஏங்க, போன ஞாயித்துக்கெழம எத்தன ரொட்லி போட்டோம்னு சோட்டுபாயக் கேளுங்க.”

“எத்தன?” என்றார் ஜகுபாய்.

“ஆயிரத்து அறுநூறு. ஒண்ணு மிச்சமில்ல. அறுபத்தொரு பேர்தான்னா தலைக்கு இருபத்தாறு ஆகுது. சோட்டுபாய் நாப்பது தின்னிருப்பாரு, அத ஒத்துக்கறேன். மத்தவங்க?”

அறை சிரித்தது. சோட்டுபாய் வயிற்றைத் தடவிக்கொண்டார்.

“நமக்குத் தெரியும், ஒரு பேருன்னா ஒரு வீடுன்னு. கடுதாசி எழுதின தொரைக்கு எப்படித் தெரியும்? ஒவ்வொருத்தரும் போடணும். பொம்பளைங்களும்” என்றாள் ரம்பாபென் வாசலிலிருந்தே.

சிரிப்பு நின்றது. எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள். மதுர்பாய்தான் சமாஜத்தின் தலைவர்.

“ஜகு, நம்ம வீட்டுக்கு நான் போட்டாச்சு” என்றார் மதுர்பாய், மெதுவாக. “ஒரு வீட்டுலேர்ந்து ரெண்டாவது கையெழுத்து எப்ப விழும்? பாகப் பிரிவினை அன்னிக்குத்தான். நம்ம வீட்டுல இன்னும் ஒரே அடுப்புதான் எரியுது.”

ரம்பாபென் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். தண்ணீர் நிறைந்து வழிந்த பிறகும் குழாயை மூடவில்லை.

“அத்தை போனப்ப துக்கம் கேக்க வந்தவங்க இந்த ரூமுக்குள்ள இருபது பேருதான் உக்கார முடிஞ்சுது” என்றாள் கெட்டிலிடம். “மத்தவங்க ரெண்டு மணி நேரம் தெருவுல மழையில நின்னாங்க. ஜன்னல் வழியா தண்ணி குடுத்தேன். அன்னிக்கு நனைஞ்சவங்க மட்டும் அறுபத்தொரு பேரா?”

அத்தை என்றால் மதுர்பாயின் அம்மா. அவர் எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடச் சாப்பாட்டுக் கூடத்தில் ரம்பாபென் ரொட்லிப் பலகைகளுக்குப் பக்கத்திலேயே ஒரு மேசை போட்டு, கோடு போட்ட தாள்களையும் பேனாவையும் வைத்தாள். பதினொரு மணிவரை ஒரு தாளிலும் ஒரு எழுத்தும் விழவில்லை.

“எங்க வீட்டுக்காரர் போட்டாச்சு” என்றாள் மாவு பிசைந்துகொண்டிருந்த சாரதாபென். “நான் தனியா போட்டா, தனிக்குடித்தனம் கேக்கறா பாருன்னு மாமனார் மூணு வேளையும் சொல்லிக் காட்டுவாரு. ஊருக்குச் சொல்றியே, மொதல்ல நீ போடு பாப்போம். உங்க மூத்தவரு அந்தா உக்காந்திருக்காரு.”

உருட்டுக்கட்டைகள் ஒவ்வொன்றாக நின்றன. ரம்பாபென் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சம்பளக் கவர் தவிர வேறெதிலும் அவள் கையெழுத்துப் போட்டதில்லை. கூடத்தின் மறுகோடியில் மதுர்பாயின் தொப்பி தெரிந்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். அதனால் கோடே சரியாகத் தெரியவில்லை. எழுத்து கோட்டைவிட்டு மேலே ஏறியது. விரல் பட்ட இடத்தில் மாவு வெள்ளையாக ஒட்டியது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மதுர்பாய் வந்துகொண்டிருந்தார். அவள் விலகிச் சுவரோடு நின்றாள். மாவு ஒட்டிய கையைப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

அவர் தாளைக் கையில் எடுத்தார். வெகுநேரம் பார்த்தார்.

“ஜகு, எம் பேரு எங்க?”

“மொத லிஸ்ட்லயே இருக்கே, மோட்டாபாய்” என்றார் ஜகுபாய் அண்ணனிடம்.

“அது வீட்டுக்குப் போட்டது. எனக்கு நான் இன்னும் போடல.”

தம்பி மனைவியின் பெயருக்குக் கீழே, கோடு பிசகாமல் தன் பெயரை எழுதினார். பேனாவிலிருந்த மாவு விரலில் ஒட்டியது. அதைத் தட்டாமலே போய் உட்கார்ந்துகொண்டார்.

அதற்கப்புறம் வரிசை வாசல்வரை போயிற்று. சாரதாபென் குஜராத்தியில் எழுதினாள். எழுதத் தெரியாதவர்கள் கட்டைவிரல் வைத்தார்கள். தவாவில் கிடந்த ரொட்லிகள் கருகின. சாப்பாடு ஒரு மணி நேரம் தாமதமானது, சோட்டுபாயைத் தவிர ஒருவரும் முணுமுணுக்கவில்லை. மறுநாள் ரம்பாபென் ஆலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு, நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் நகராட்சிக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்தாள். அதிகாரி தாளைப் புரட்டியபோது அவருடைய கறுப்புக் கோட்டில் மாவு உதிர்ந்தது.

கூடம் கிடைத்தது. அன்றுமுதல் சமாஜத்தில் வீட்டுக்கு ஒரு பெயர் என்கிற வழக்கம் போய், தலைக்கு ஒரு பெயர் என்று ஆனது. எந்த வீட்டிலும் அடுப்பு இரண்டாகவில்லை.

புதுக் கூடத்தின் முதல் ஞாயிறு. ஆறு பர்னர் அடுப்புக்கு முன்னால் நின்றிருந்த ரம்பாபென்னுக்கு, பின்னால் யாரோ தொண்டையைச் செருமுவது கேட்டது. தலைப்பு நெற்றிக்கு இறங்கியது. மதுர்பாய் வாசலில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். ஜகுபாய் அங்கே இல்லை. சமையல் மேடையில் கொதித்துக்கொண்டிருந்த பெரிய கெட்டில் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“இன்னிக்கு எத்தன ரொட்லின்னு கேட்டுச் சொல்லு” என்றார் அதனிடம்.

ரம்பாபென் அடுப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ரெண்டாயிரம்னு சொல்லு” என்றாள், அவளும் அதே கெட்டிலிடம். “சோட்டுபாய்க்குத் தனி.”