பெஞ்சில் உட்கார முடியாத ஆட்டம்

இங்கே சிங்கப்பூரில் டீயைப் பிளாஸ்டிக் பையில் ஊற்றி, கயிறு கட்டி, உறிஞ்சுகுழாய் போட்டுக் கொடுக்கிறார்கள். வந்த புதிதில், எனக்கு மட்டும்தான் இப்படியோ என்று பையைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வந்த சூப்பர்வைசர் லிம்முக்கும் அதே பைதான். அப்புறம்தான் குடித்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன் என்று எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும். கொட்டாம்பட்டியைத் தாண்டி எங்கள் ஊர். டீக்கடையில் மற்றவர்களுக்குப் பெஞ்சு, கண்ணாடி கிளாஸ். எங்கள் தெருக்காரர்களுக்கு வெளியே கம்பியில் தொங்கும் தகர டம்ளர். நின்று குடித்து, நாங்களே கழுவி மாட்ட வேண்டும். எட்டாவதோடு நான் அவனியாபுரத்துக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டேன். எங்கள் தெருக் கூட்டாளி செல்வம் அங்கே பிரவுசிங் சென்டரில் வேலையில் இருந்தான். துப்பாக்கிச் சண்டை கேம் ஒன்றைப் பிரித்து, துப்பாக்கிகளை எடுத்துவிட்டு, எங்கள் ஊர் டீக்கடையை உள்ளே வைத்தான். இப்படி மாற்றியதை மோடு என்பார்கள். ஆடுகிற ஆளுக்கு என் போட்டோவை ஒட்டியிருந்தான். பெஞ்சுப் பக்கம் போனால் கால் நின்றுவிடும். எந்தப் பொத்தானை அழுத்தினாலும் உட்கார முடியாது. டம்ளரைக் கழுவி மாட்டினால் ஆட்டம் மறுபடி முதலிலிருந்து வரும்.

"இதுல எப்படிடா ஜெயிக்கிறது?" என்றேன்.

"ஊர்ல ஜெயிச்சிட்டியாக்கும்? இங்க வந்து கேக்குற."

நான் சிங்கப்பூருக்கு விமானம் ஏறும்போது அதை ஒரு சிடியில் போட்டுக் கொடுத்தான்.

லிம்முக்கு கேம் பைத்தியம். சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பில் போட்டு ஆடிப் பார்த்தார். பெஞ்சில் உட்கார முடியவில்லை. "யுவர் ஃபிரெண்ட் மிஸ்டேக் லா," என்றார், இந்த ஊர் 'லா' போட்டு. "நோ மிஸ்டேக்," என்றேன். அதற்கு மேல் சொல்ல இங்கிலீஷ் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருப்பேனா, தெரியாது.

இரண்டு நாள் கழித்து வேறு சிடி கொடுத்தார். "ஓகே ஆல்ரெடி." அவரே சரிசெய்துவிட்டாராம். ஞாயிற்றுக்கிழமை ஒரு பிரவுசிங் சென்டரில் போட்டுப் பார்த்தேன். கால் நகர்ந்தது. பெஞ்சில் உட்கார்ந்தேன். டீக்காரர் கண்ணாடி கிளாஸை வைத்தார். நேரம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

செல்வத்துக்குப் போன் போட்டுச் சொன்னேன்.

"நம்ம ஊர்ல எம்புட்டு வருசமா நடக்காதத உங்காளு ரெண்டு நாள்ல முடிச்சிட்டாரே மாப்ள! அவர இங்கிட்டு அனுப்பி விடு."

சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தான். ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் அந்த ஆட்டத்தைக் காட்டச் சொல்லியிருந்தார்களாம்.

"உன் மூஞ்சிதான உள்ள இருக்கு. நீயே சொல்லு. அவரு மாதிரி மாத்தி உக்காந்ததக் காட்டவா, நின்னதக் காட்டவா?"

"நின்னத."

"அம்புட்டுப் பேரும் உன்னையப் பாப்பாங்க மாப்ள."

"பாக்கட்டும்."

அவன் காட்டியபோது இங்கே எனக்குச் சாப்பாட்டு நேரம். ஒத்தக்கடையில் முன்பின் தெரியாத பிள்ளைகள் முன்னால், ஆட்டத்துக்குள் கடைக்கு வெளியே டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். இங்கே லிம் தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு, "சிட், சிட்," என்றார். உட்காரக் கொஞ்ச நேரம் பிடித்தது.