எட்டு விநாடி வயலின்

அன்று எங்கள் பேஸ்மென்ற்றில் நின்றவர்கள் ஐந்து பேர். நான், என் மனைவி, அவளுடைய தம்பி, வாத்தியத்தை வாங்க மிசிசாகாவிலிருந்து வந்த வெள்ளைக்காரக் கிழவர், அவர் கையோடு கூட்டி வந்த திருத்துகிற பொடியன். வேறு ஒருவரும் இல்லை. நானே கதவைப் பூட்டிவிட்டுத்தான் கீழே இறங்கினேன். நானும் நின்றேன், நானும் பார்த்தேன் என்று பிறகு யாரும் கதை கட்டக்கூடாது என்பதற்காக இதை முதலில் எழுதுகிறேன்.

திருத்துகிறவன் தமிழ்நாட்டுப் பொடியன். முப்பது வயது இருக்கும். கொம்பியூட்டர் கொம்பனியில் வேலை, சனி ஞாயிறுகளில் பழைய வாத்தியங்களைத் திருத்துவானாம். வந்ததும் வராததுமாக “வணக்கம் சார்” என்றான். எனக்கு அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. வாங்க வருகிறவர் இந்த ஊர் முழுக்க ஆட்கள் இருக்க ஏன் ஒரு தமிழனைத் தேடிப் பிடிக்கவேண்டும்? நாங்கள் எங்களுக்குள் என்ன பேசுகிறோம் என்று அறியத்தானே?

மச்சானை ஒரு பக்கம் இழுத்து, “உவனுக்கு முன்னாலை வாய் திறக்காதை” என்றேன்.

“அத்தான், நீங்கள் குசுகுசுக்கிறது மோர்னிங்சைட் சந்தி மட்டும் கேக்குது” என்றான் அவன்.

எனக்கு வேலை வீடு ஒதுக்குவது. யாராவது செத்துப்போனால் பிள்ளைகள் கூப்பிடுவார்கள். கட்டில், சோபா, உடுப்பு எல்லாவற்றையும் ட்ரக்கில் ஏற்றி அப்புறப்படுத்துவேன். ரெக்ஸ்டேலில் அப்படி ஒரு வீட்டில்தான் இந்தப் பெட்டியைக் கண்டேன். செத்தவர் ஒரு காலத்தில் மேடைகளில் வாசித்தவராம். நான் எடுத்த படத்தை மச்சான் போனில் தேடிப் பார்த்துவிட்டு, உலகத்தில் உது கொஞ்சந்தான் மிச்சம் என்றான். பிள்ளைகள் ஐயாயிரம் டொலர் கேட்டார்கள். ஆளுக்குப் பாதி போட்டோம். என் பாதி வங்கியில் கிடந்தது. அவன் தன் பாதிக்கு, மாதாமாதம் கட்டிவந்த சீட்டைத் தவணைக்கு முன்னமே ஏலம் கூறி எடுத்தான். அதில் முந்நூறு டொலர் கழிவு போனது. இந்தப் பெட்டி விற்றால் ஒரு பழைய வான் வாங்கி, வெயர்ஹவுஸ் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக டெலிவரி தொடங்குவது அவனுடைய திட்டம். வானின் நிறத்தைக்கூடத் தீர்மானித்துவிட்டான்.

வெளியிலிருந்து பார்த்தால் சின்ன ஓர்கன் மாதிரித்தான் இருக்கும். முப்பத்தைந்து கட்டைகள். ஆனால் ஒவ்வொரு கட்டைக்குக் கீழேயும் தனித்தனியாக ஒரு ஒலிநாடாத் துண்டு தொங்குகிறது. கட்டையை அழுத்தினால், சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு தண்டோடு நாடா ஒட்டி இழுபடும். அதில் யாரோ ஒரு கூட்டம் வயலின்காரர்கள் அந்த ஒரு சுரத்தை மட்டும் வாசித்துப் பதிந்திருக்கிறார்கள். எட்டு விநாடி கேட்கும். அதோடு நாடா முடிந்துவிடும். எவ்வளவு அழுத்தினாலும் சத்தம் வராது. கையை எடுத்தால் ஒரு சுருள்கம்பி நாடாவைப் பழையபடி பின்னுக்கு இழுத்துவிடும். முதல் தரம் அழுத்தியபோது அவ்வளவு உயிரோடு கேட்டது. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தேன். ஆளில்லை என்று தெரிந்துதான் பார்த்தேன்.

கிழவர் முதலே சொல்லியிருந்தார்: முப்பத்தைந்தும் வாசித்தால் பதினோராயிரம்.

அவர் கதிரையில் அமர்ந்து நாலு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினார். கன்றுக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம். வேறு நாலு. அதுவும் அப்படித்தான். முதல்நாள் வரை கேட்ட ஐந்தாறு கட்டைகள் மூச்சே விடவில்லை. மச்சான் என்னைப் பார்த்தான். நான் பொடியனைப் பார்த்தேன்.

பொடியன் மூடியைக் கழற்றத் தொடங்கினான். அவன் கழற்றிய ஆணிகளை நான் எண்ணினேன்: பதினெட்டு. கழற்றிக்கொண்டே கதை சொன்னான்.

“ஐடியா சூப்பர் ஐடியா சார். ஆனா மொத்தத்துக்கும் ஒரே மோட்டார். நாலஞ்சு கட்டைய சேர்த்து அழுத்துனா அதுக்கு மூச்சு வாங்கும், சுருதி இறங்கிடும். வேன்ல ஏத்தி ஊர் ஊராப் போனா நாடா சிக்கிக்கும். மேடையில உக்காந்து பிரிச்சு மாட்டிட்டிருக்க முடியுமா? அப்புறம் எலெக்ட்ரானிக் கீபோர்டு வந்துச்சு. அதுல எதுவும் சிக்காது. கம்பெனிய இழுத்து மூடிட்டாங்க.”

எனக்கு இது விலையைக் குறைக்கிற முன்னுரையாகவே பட்டது. ஒரு பொருளை வாங்க வந்தவன் அதன் கொம்பனி மூடின கதையை ஏன் சொல்லவேண்டும்?

மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தான். பிறகு விரலை உள்ளே விட்டு எடுத்துக் காட்டினான். விரல் நுனி சிவப்பு.

“துரு!” என்று நான் கத்தினேன். “பாத்தியே மச்சான், துருப்பிடிச்சதை எங்கடை தலையிலை கட்டிப்போட்டாங்கள்! அந்தப் பிள்ளையளின்ரை முழியிலையே எனக்குத் தெரியும்.”

பொடியன் விரலை மணந்து பார்த்தான். “துரு இல்ல சார். கோயில் வாசனை வருது.”

என் மனைவி கிட்ட வந்து பார்த்தாள். “உது குங்குமம்” என்றாள். பிறகு எல்லோருக்கும் கேட்க, “சரஸ்வதி பூசைக்கு இவர் வைச்சவர். ஒண்டு போதுமெண்டு சொன்னனான். முப்பத்தஞ்சுக்கும் வைச்சவர்.”

உண்மைதான். எங்கள் ஆட்கள் புதுக் கார் வாங்கினாலும் சந்தனம் பூசி ஒரு பொட்டு வைத்துவிட்டுத்தான் ஓடுவார்கள். வாத்தியத்துக்கு வைக்காமல் விடுவதா? அதிலும் நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். சரஸ்வதி விஷயத்தில் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு. ஒரு கட்டைக்கு வைத்து மற்றதை விட்டால், விட்டதுதான் பழுதாகும் என்று மனம் அரித்தது. அதனால் சந்தனத்தைத் தண்ணீராகக் குழைத்து ஒவ்வொன்றிலும் பூசி, அதன் மேல் ஒவ்வொரு பொட்டு.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. பிறகு ஒரு மாதத்துக்கு மேலாக, தினமும் வேலைக்குப் போகமுதல் கீழே இறங்கி, இன்னும் வேலை செய்கிறதா என்று முப்பத்தைந்து கட்டைகளையும் அழுத்திப் பார்ப்பேன். சத்தத்தில் ஏதோ மாற்றம் மாதிரி இருந்தால் இன்னொரு தரம் அழுத்துவேன். காய்ந்த சந்தனமும் குங்குமமும் இடுக்கால் உதிர்ந்து நாடாவில் ஒட்ட, நான் அழுத்த அழுத்த அது நாடாவின் முகத்தை அரம்போல் சுரண்டியிருக்கிறது. பொடியன் ஒரு துண்டை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினான். நடுவால் கண்ணாடிபோல ஊடே தெரிந்தது. வயலின் இருந்த இடம் அது.

கிழவர் என்னவென்று கேட்டார். பொடியன் இங்கிலிசில் நெடுநேரம் விளங்கப்படுத்தினான். கிழவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கமா, கணக்கா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. பெட்டிக்கும் மோட்டாருக்குமாக ஆயிரத்தெண்ணூறு தரலாம் என்றார்.

மச்சானைப் படிக்கட்டடிக்குக் கூட்டிப் போனேன். “ரெண்டுபேரும் பேசிவைச்சுக்கொண்டு வந்திருக்கிறாங்கள். விலை டக்கெண்டு வந்ததைப் பாத்தனி தானே?”

“ஓம் அத்தான். குங்குமத்தையும் அவங்கள்தான் பேசிவைச்சவங்களோ?”

அவன் சிரிக்கவில்லை. நான் திரும்பிப் போய்க் கிழவரிடம் சரி என்றேன்.

அந்த ஆயிரத்தெண்ணூறையும் அப்படியே அவனிடம் கொடுத்தேன். அவன் போட்டதில் எழுநூறு மிச்சம், சீட்டுக் கழிவு முந்நூறு. ஆயிரம் டொலர் என் பொறுப்பு என்று நானே சொன்னேன். “விடுங்கோ அத்தான்” என்றான். விடுங்கோ என்கிறவன் அதை மனதில் ஆழமாக எழுதி வைத்திருப்பான் என்பது என் எண்ணம். அதனால் மாதம் ஐம்பதாகக் கொடுக்கிறேன். எண்ணிப் பார்க்காமல் பொக்கற்றில் வைக்கிறான்; ஏன் எண்ணுகிறான் இல்லை என்றும் யோசிக்கிறேன். இன்னும் பஸ்ஸில்தான் வெயர்ஹவுசுக்குப் போகிறான். வானைப் பற்றி நானும் கேட்பதில்லை, அவனும் சொல்வதில்லை. போன கிழமையோடு பதினொரு தரம் கொடுத்தாயிற்று. இன்னும் நானூற்றைம்பது டொலர் கொடுக்கக் கிடக்கிறது.