ஆல்ட்டோ பாடாத பாட்டு

ரொட்டி வாங்க வந்தவள், தன் நாத்தனார் சொன்னதாகச் சொன்னாள்: நூலகத்து ரோஸ்வீதா அந்தக் காணாமற்போன புத்தகத்தைக் கண்டுபிடித்துவிட்டாளாம், பேர் தனக்கு மட்டும் வர வேண்டுமென்று பூட்டி வைத்திருக்கிறாளாம்.

"பூட்டி வைக்கிற ஆளா அவ? சாவியை எங்கயாவது வச்சுட்டுத் தேடுறவ" என்றாள் கடைக்கார அல்முட். கடையே சிரித்தது.

அல்முட்டும் ரோஸ்வீதாவும் பள்ளியில் ஒரே வகுப்பு. ரயில் சிக்னல்காரரின் மகள் ரோஸ்வீதா பெர்லினில் இசை வரலாறு படித்து டாக்டர் பட்டம் வாங்கியவள். பெரிய நூலகங்கள் கூப்பிட்டும் போகாமல், ஹார்ட்ஸ் மலையடிவாரத்துச் சொந்த ஊருக்கே திரும்பிவந்தாள். காரணம், ஊர்த் தேவாலயத்துக்கு அந்தக் கால இசைத்தலைவர் எழுதிய ஒரு தோத்திரப் பாட்டு. நான்கு குரல் பாட்டு அது; அப்போதெல்லாம் குரலுக்கொரு புத்தகம். மூன்று இங்கே பத்திரமாக இருந்தன. இன்று பெண்கள் பாடும் கீழ்க்குரலான ஆல்ட்டோவின் புத்தகம் மட்டும் நானூறு ஆண்டுகளுக்கு முந்திய முப்பதாண்டுப் போரில் ஸ்வீடன் படையோடு போய்விட்டது. ரோஸ்வீதாவின் கோடை விடுமுறைகளெல்லாம் வெளிநாட்டு நூலகங்களில் அதைத் தேடியே கழிந்தன. இருந்த மூன்றை வைத்து அவள் எழுதிய நூல்தான் அந்த மனிதரை ஊர் எல்லைக்கு வெளியே அறிய வைத்தது.

புராட்டஸ்டண்ட் சபை பிறந்ததைக் கொண்டாடும் சீர்திருத்தத் திருநாள் விழாவுக்கு அந்தப் பாட்டுதான் என்று முடிவானதும், பாடகர் குழுவை நடத்தும் டெட்லெஃப், விட்டுப்போன குரலைத் தானே எழுதிச் சேர்ப்பதாகச் சொன்னார். தாராளமாக எழுதுங்கள், ஆனால் அதை அந்தக் கால இசைத்தலைவர் பேரில் பாடக் கூடாது என்று ரோஸ்வீதா மறித்தாள்.

"அப்ப ஆல்ட்டோக்காரிங்க நாங்க மெழுகுவத்தி பிடிக்கவா?" என்று அந்த வரிசையில் பாடும் அல்முட்டே கேட்டாள்.

"சும்மா நில்லு. அந்த இடம் காலியா இருக்குன்னு ஊருக்குக் கேக்கட்டும்."

"வாயை மூடிட்டு. அதுவும் நான்."

"கஷ்டம்தான். அதான் உன்னைக் கேக்குறேன்."

அல்முட் தன் வரிசைக்காரிகளை ஒவ்வொருத்தியாகச் சம்மதிக்க வைத்தாள். டெட்லெஃப் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு தன் தாள்களை மடித்தார்.

சீர்திருத்தத் திருநாள் காலையில் ரோஸ்வீதா அல்முட்டிடம் மட்டும் மெல்லச் சொன்னாள். ஸ்வீடன் நூலகம் ஒன்றில் பேரில்லாத ஆல்ட்டோ புத்தகம் இருக்கிறதாம். அது இந்தப் பாட்டினுடையதுதானா என்று தாளைப் பார்த்துவிட்டு இன்றே கூப்பிடுவார்களாம். "அங்க இன்னிக்கு லீவு கிடையாது."

தேவாலயத்தில் மூன்று குரல்கள் எழுந்தன. நடுவே ஆல்ட்டோக்கள் கறுப்புடையில் நிமிர்ந்து நின்றார்கள். ஓரிடத்தில் மற்றக் குரல்களும் ஓய்ந்தன. ஆல்ட்டோ தனியே பாட வேண்டிய இடம் அது. டெட்லெஃபின் கை மட்டும் தாளம் காட்டியது. யாரும் இருமவில்லை. இத்தனை பேரும் அந்தக் குரலுக்காகக் காத்திருப்பதைப் பார்த்த அல்முட்டுக்கு, பாடிய நாட்களில்கூட நெஞ்சு இப்படி நிமிர்ந்ததில்லை. ரோஸ்வீதாவைப் பார்த்து, 'எங்க ஊர்க்காரி' என்று நினைத்துக்கொண்டாள்.

முதல் வரிசையில் ரோஸ்வீதாவின் மடியில் தொலைபேசி ஒளிர்ந்தது. அவள் ஒருமுறை குனிந்து பார்த்தாள்; ஸ்வீடன் எண். பிறகு அல்முட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஒளிர்ந்துகொண்டே இருந்தது.