வீடு என்று சேமிக்கப்பட்ட இடம்

காதில் பூச்சுற்றுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். எழுதும்போதே எழுந்துபோய்க் கையைக் கழுவ வேண்டும்போல இருக்கிறது.

போன முறை பைக்கில் நெடும்பயணம் போனபோது வழி தவறி, நானூறு கிலோமீட்டரை அறுநூறாக்கினேன். வீடு வந்ததும் மனைவி ஹெல்மெட்டைக் கழற்றி என் கையில் திணித்தாள். "இன்னொரு தடவை இப்படி அலைய விட்டீங்கன்னா, அப்புறம் நீங்க தனியாத்தான் சுத்தணும்." அவள் பின்னால் இல்லாத பயணம் எனக்கு எதற்கு? ஜிபிஎஸ் வாங்கியே தீருவது என்று முடிவு செய்தேன்.

போன் வெயிலில் சூடாகி அணைந்துவிடும். கார் ஜிபிஎஸ் மழை தாங்காது. கையுறையோடு தொட்டாலும் கேட்கிற, வண்டி பேட்டரியிலேயே ஓடுகிற பைக் ஜிபிஎஸ்தான் சரி. எங்கள் மெக்கானிக்கிடம் பழையது ஒன்று கிடந்தது. கண்ணாடியின் தடிமனைப் பார்த்து அவரைச் சோடாபுட்டி என்போம்.

"ஹோல்டர மட்டும் புதுசா போட்டுக்குங்க. உள்ள இருக்கிறத எல்லாம் அழிச்சிடுங்க," என்றார்.

இரண்டையும் நான் செய்யவில்லை. என் கஞ்சத்தனம் அப்படி. பழைய ஹோல்டரே ஹேண்டில்பாரில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதன் ரப்பர் பிடிக்குள் மட்டும் ஏதோ பிசுபிசுப்பு. பழுப்பாக, சளி மாதிரி. பெட்ரோல் போட்டுத் துடைத்தேன். பத்து நிமிடத்தில் மறுபடி ஊறி நின்றது. விரலை முகர்ந்து பார்த்தேன்... பூச்சாடியில் பல நாள் நின்ற தண்ணீரின் நாற்றம். மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை.

மறுநாள் மாலை 4.10. மனைவியை ஏற்றிக்கொண்டு வெள்ளோட்டம் கிளம்பினேன்.

"என்ன இப்படி நாறுது? எதையாவது மிதிச்சீங்களா?"

"ரப்பர் வாசனை."

இருபது கிலோமீட்டர் போனதும், திரும்புவதற்காக 'வீடு' என்ற பொத்தானை அழுத்தினேன். என் வீட்டை இன்னும் அதில் பதியவே இல்லை என்பது அப்போது உறைக்கவில்லை.

"இடப்பக்கம் திரும்பவும்."

குறுக்குவழி போலிருக்கிறது என்று திரும்பினேன். தார்ச்சாலை முடிந்தது. மண்பாதை வந்தது. பிறகு அதுவும் இல்லை.

"ஏங்க, மறுபடியுமா?" என்றாள்.

நாற்றம் கூடிக்கொண்டே வந்தது. ஹோல்டரிலிருந்து ஏதோ வழிந்து என் கையுறைக்குள் இறங்கியது. வெதுவெதுப்பாக...

5.12.

"வீடு வந்துவிட்டது."

கைவிடப்பட்ட கல்குவாரி. பள்ளத்தில் பச்சைத் தண்ணீர். அதன்மேல் தடிப்பாகப் பாசி ஆடை.

களக்...

நடுவில் ஆடை கிழிந்தது.

மனைவி இறங்கி வாந்தி எடுத்தாள். "போயிடலாம். இப்பவே."

வீட்டுக்கு வந்ததும் அந்தச் சனியனைக் கழற்றி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஷெட்டில் வீசினேன்.

அடுத்த மூன்று நாளும் மனைவி படுக்கை விரிப்பைத் துவைத்தாள். அவள் பக்கம் மட்டும் ஈரம். அதே நாற்றம். "குளிச்சிட்டு வந்து படுங்கன்னா கேக்கிறதே இல்ல," என்று என்னைத்தான் திட்டினாள்.

நாலாம் நாள் மதியம் சோடாபுட்டியிடம் அதைக் கொண்டுபோனேன்.

"ஏலத்துல எடுத்த வண்டியில இருந்தது. வண்டி ஏதோ குவாரி ஓரமா நின்னுதாம். ஓட்டினவர் கிடைக்கவே இல்ல," என்றபடி அதைக் கணினியில் இணைத்தார்.

அது போன பாதைகள் திரையில் கோடுகளாக வந்தன. முதலில் எங்கள் பயணம். மணிக்கு 45 கிலோமீட்டர்.

அடியில் இன்னொரு கோடு.

அதே நாள். இரவு 7.30. குவாரியில் தொடங்குகிறது. மணிக்கு 3 கிலோமீட்டர்.

"நடந்திருக்கீங்களா?"

"இது ஷெட்ல இருந்துச்சு..."

"வண்டியிலேருந்து கழட்டினா இது ஓடாதே. உள்ள பேட்டரியே கிடையாது."

பதினெட்டுக் கிலோமீட்டர். நள்ளிரவு 1.30க்கு அந்தக் கோடு என் வாசலைத் தாண்டியிருந்தது. படுக்கையறையில் நின்றிருந்தது.

சோடாபுட்டி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி தேடினார்.

திரும்பிப் போன கோடு இல்லை.

இப்போது மணி 2.40. மனைவி மதியத் தூக்கம் போடுகிற நேரம்.