சூரியனைக் காது கொடுத்துக் கேட்ட அண்ணன்

அண்ணன் எங்களை விட்டுப் போய் இந்த மாதத்தோடு ஓராண்டு நிறைகிறது. நினைவு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், கூடவே இருந்தவர் நீங்கள்தான் என்று அண்ணனின் மூத்த மகன் என் கையில் பேனாவைக் கொடுத்துவிட்டான். நல்லதை மட்டும் எழுதுங்கள் அத்தை என்றும் சொன்னான். அண்ணனைப் பற்றி நல்லதைத்தான் எழுத முடியும். இடையில் என் கெட்டதும் ஒன்று வரும். அதை யாரும் வெட்டிவிட வேண்டாம்.

அண்ணன் பிறந்தது முதுகுளத்தூர் பக்கம், குடிதண்ணீருக்கே கால் கடுக்க நடக்க வேண்டிய ஒரு ஊரில். அப்பா சீக்கிரம் தவறிவிட்டதால் எங்கள் நால்வரையும் தோளில் சுமந்தவர் அவர். தந்தி அடிக்கக் கற்று, ஒயர்லெஸ் ஆபரேட்டர் வேலை கிடைத்து, அந்தமானுக்குக் கப்பலேறினார். அங்கே லாங் ஐலண்ட் என்ற சின்னத் தீவில் போஸ்டிங். அறுபதுகளின் கடைசியில் அண்ணி பிரசவத்துக்கு மெயின்லேண்ட் போனபோது, அண்ணனுக்குச் சமைத்துப்போட நான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வயது இருபத்திரண்டு. வாய்க்கு மட்டும் நாற்பது.

குவார்ட்டர்ஸ் வாசலில் இரண்டு தென்னைக்கு நடுவே செம்புக்கம்பி கட்டியிருந்தது. கொடி என்று நினைத்து முதல் நாளே என் ஈரப் பாவாடையை அதில் உலர்த்தினேன். அண்ணன் பதறிப்போய் ஓடிவந்து எடுத்தார். அது ஏரியலாம். அவர் சொந்தமாகக் கட்டிய பேட்டரி ரேடியோவில் பாட்டு வராது, செய்தி வராது. சூரியன் வரும். சூரியனில் கொந்தளிப்பு வந்தால் ‘உஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சல் எழும்பி அடங்கும். சில நாள் விடியுமுன் வியாழன் கிரகம் வரும். கேட்டுப் பார் என்று ஹெட்போனைக் கொடுத்தார். கரையில் அலை வந்து திரும்புகிற சத்தம். நான் சொன்னேன், "வாசல்லயே கடல் கெடக்கு. இதுக்குப் போயி பேட்டரியக் கரைக்கணுமாண்ணே?" அன்றைக்கு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

கேட்டதையெல்லாம் இரும்புக் கிளிப் போட்ட ஒரு தடித்த நோட்டில் எழுதுவார். மணி, பக்கத்தில் சூரியனுக்கு ‘சூ’, வியாழனுக்கு ‘வி’. தான் கேட்டது உறுதியாகத் தெரியவில்லையென்றால் ஓரத்தில் ஒரு ‘ச’ போடுவார். சந்தேகம் என்று அர்த்தம். கேட்காததை எழுதவே மாட்டார். அந்தத் தீவு ஈரத்தில் காகிதம் நாலே நாளில் பூஞ்சை பிடித்துவிடும். அதனால் நோட்டு ஒரு தகர டப்பாவில், அடுப்புக்கு மேலே தொங்கும். எட்டு வருட உழைப்பு அது.

ஒரு நாள் காலை பத்தே முக்கால். டியூட்டிக்குக் கிளம்புமுன் அண்ணன் ஹெட்போனை மாட்டியிருந்தார். இரைச்சல் இதுவரை இல்லாத அளவுக்கு எழும்பியது. உடனே எல்லாச் சத்தமும் செத்துப்போனது. மணியைக் குறித்துக்கொண்டு அவர் ஸ்டேஷனுக்கு ஓடினார். அங்கே சர்க்கார் செட்டும் ஊமை. அந்த நேரம் பார்த்து, காட்டில் மரம் உருண்டு காலில் விழுந்த ஒரு கூலிக்காரரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். போர்ட்பிளேரிலிருந்து படகு கேட்க வேண்டும். அண்ணன் கூப்பிட்டார், கூப்பிட்டார், ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூப்பிட்டார். பதில் இல்லை. அந்த மனிதர் உயிர் பிழைத்தார். கால் போய்விட்டது.

யாரோ மேலே எழுதிப்போட்டுவிட்டார்கள். ஆபரேட்டர் வீட்டில் ரகசியமாக ஒரு செட் வைத்திருக்கிறான், அதனால்தான் சர்க்கார் செட் செத்தது, நோட்டில் ஏதோ குறிப்பெழுத்து எழுதுகிறான் என்று. பாகிஸ்தான் சண்டை முடிந்து சில வருடங்களே ஆகியிருந்த காலம். கம்பியைப் பார்த்தாலே சந்தேகப்படுவார்கள். விசாரணை வருகிறது, குற்றம் என்று முடிவானால் வேலை போவதோடு, கெட்ட பெயருடன் கப்பலேற்றி அனுப்பிவிடுவார்கள் என்று சொன்னார்கள். அண்ணியிடம் கைக்குழந்தை. ஊரில் அம்மா. எல்லார் சோறும் அந்த ஒரு வேலையில்தான் இருந்தது.

அண்ணன் கலங்கவில்லை. சூரியன் அந்த அளவுக்குக் கொந்தளித்தால் எல்லா ஒயர்லெஸ்ஸும் கொஞ்ச நேரம் ஊமையாகிவிடும் என்பது அவருக்குத் தெரியும். அன்றைய சத்தத்துக்குக் காரணமான கரும்புள்ளி சூரியனோடு சுற்றி இருபத்தேழு நாளில் அதே இடத்துக்கு வரும் என்று காலண்டரில் நாளை எண்ணினார். உடைந்த பைனாகுலரின் ஒரு குழலை ஜன்னலில் செருகி, சூரியனை வெள்ளைத்தாளில் விழவைத்துப் பார்ப்பார். ஒரு காலை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தாளின் ஓரத்தில் மிளகுபோல ஒரு புள்ளி. "திரும்பி வந்துருச்சு தாயி. சத்தம் போடுமான்னு மட்டும் தெரியாது" என்றார்.

இருபத்தாறாம் நாள் மதியம் போர்ட்பிளேரிலிருந்து லாஞ்ச் படகு வந்தது. படகுத்துறை ஜெட்டியில் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தேன். விசாரிக்க வந்த சாகிபுடன் ஒரு போலீஸ்காரரும் இறங்குகிறார், வீட்டைச் சோதனை போடப்போகிறார்கள், அந்த நோட்டு கிடைத்தால் ஆள் காலி என்று லாஞ்ச் ஆட்கள் இந்தியில் பேசிக்கொண்டது காதில் விழுந்தது. வீட்டுக்கு ஓடினேன். அண்ணன் ஸ்டேஷனில் இருந்தார். உலை கொதித்துக்கொண்டிருந்தது. டப்பா தலைக்கு மேலே. அதைத் திறந்து நோட்டை எடுத்து, தாள் தாளாகக் கிழித்து, எட்டு வருடத்தையும் அடுப்பில் வைத்தேன். அந்தச் சோற்றையே வடித்தும் வைத்தேன்.

அரை மணியில் அண்ணனையும் கூட்டிக்கொண்டு சாகிப் வந்து உட்கார்ந்தார். வங்காளி, கண்டிப்பானவர். முதல் கேள்வியே நோட்டு எங்கே என்பதுதான். அன்றைக்கு எத்தனை மணிக்கு என்ன கேட்டேன் என்பது நோட்டில் இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் என்று அண்ணனே பதில் மனுவில் எழுதியிருந்தார். அது எனக்குத் தெரியாது. அவருக்கிருந்த ஒரே சாட்சியை நான் கொளுத்திவிட்டு நிற்கிறேன்.

"மழயில நனஞ்சு கூழாயிருச்சு சாப். நாந்தான் தூக்கிப் போட்டேன்" என்று பாதி இந்தியிலும் பாதி தமிழிலும் உளறினேன். அண்ணன் அடுப்புக்கு மேலே பார்த்தார். டப்பா காய்ந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா சாப், நனஞ்சு போச்சு. நாளைக்குக் காலைல நீங்களே உக்காந்து கேளுங்க" என்றார். மறுநாள் பன்னிரண்டுக்கு லாஞ்ச் திரும்புகிறது, அதுவரைதான் என்று சாகிப் சொல்லிவிட்டார்.

மறுநாள் எட்டு மணியிலிருந்து சாகிப் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். ஒன்பது. பத்து. லேசான இரைச்சல் தவிர எதுவுமில்லை. போலீஸ்காரர் கொட்டாவி விட்டார். நான் அடுக்களையில் கும்பிடாத சாமி இல்லை. பதினொன்றரைக்கு லாஞ்ச் ஊதியது. சாகிப் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் செருப்பை மாட்டினார். அண்ணன் அதை எடுத்துத் தன் காதில் வைத்தார். லாஞ்ச் இரண்டாம் முறை ஊதியது. அண்ணன் கையை உயர்த்தினார். ஹெட்போனைச் சாகிபின் காதில் வைத்தார்.

சாகிபின் முகம் மாறியது. அண்ணன் சொன்னது இவ்வளவுதான்: "எங்கிட்ட எதுவும் கேக்காதீங்க சாப். ஸ்டேஷனுக்குப் போயி நீங்களே போர்ட்பிளேரைக் கூப்பிடுங்க."

அவரே கூப்பிட்டார். லாஞ்ச்சை நிறுத்திவைத்து நாற்பது நிமிடம் கூப்பிட்டார். பதில் இல்லை. அண்ணனின் ரேடியோ அப்போது பேட்டரி கழற்றி மேசைமேல் கிடந்தது. அதன் பிறகு சாகிப் கார் நிக்கோபார் தீவு ஸ்டேஷனுக்கு எழுதிக் கேட்டதில், இரண்டு நாளும் அதே நேரத்தில் அங்கேயும் எதுவும் கேட்கவில்லை என்று பதில் வந்ததாம். அண்ணனின் வேலை நிலைத்தது.

அண்ணன் புது நோட்டு வாங்கி முதல் பக்கத்திலிருந்து தொடங்கினார். ஓய்வு பெற்று போர்ட்பிளேர் பக்கம் கராச்சர்மாவில் வீடு கட்டியபோதும் கூரைக்கு முன்னால் ஏரியல்தான் ஏறியது. காலை இழந்த அந்த மனிதருக்குத் தன் ஸ்டேஷனிலேயே காவல் வேலை வாங்கிக் கொடுத்தார். பழைய நோட்டைப் பற்றி என்னிடம் ஒரு நாளும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. காய்ந்த டப்பாவைப் பார்த்த பிறகும் நான் சொன்னதை நம்பிவிட்டார் என்றுதான் இத்தனை காலமும் நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

கடைசி நாட்களில் ஆஸ்பத்திரியில் முறை வைத்துக் காத்திருந்த பிள்ளைகளுக்கும், கஞ்சி கொண்டுவந்த பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவுக்கும், கப்பல் டிக்கெட் கிடைக்காமல் அலைந்தும் காரியத்துக்கு வந்து சேர்ந்த உறவுகளுக்கும், அண்ணனைத் தோளில் சுமந்த ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது. அந்தக் கண்டிப்பான சாகிப் எங்கிருந்தாலும் அவருக்கும்.

போன மாதம் அண்ணனின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். புது நோட்டின் முதல் பக்கத்தில், அந்த விசாரணை நாளின் தேதிக்குக் கீழே ஒரே வரி: ‘முந்தைய நோட்டு மழையில் நனைந்துபோயிற்று.’ ஓரத்தில் ‘ச’ இல்லை. வரிக்குக் கீழே, தீயில் கறுத்த ஒரு இரும்புக் கிளிப்பை நூலால் தைத்து வைத்திருந்தார். பழைய நோட்டின் கிளிப். அடுப்புச் சாம்பலை அள்ளும்போது எடுத்திருக்கிறார்.

கேட்காததை எழுதாத மனிதர், எனக்காக ஒரு பொய்யை எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இன்று காலை அந்த வரிக்குக் கீழே, ‘நனையவில்லை அண்ணே. நான்தான் எரித்தேன்’ என்று எழுதி, அவர் வழக்கப்படி மணியும் போட்டேன்.