வேணியின் குரலுக்குத் தேடிய டப்பா

திண்டிவனத்தைச் சுற்றி எந்த ஊரில் திருவிழா மேடை போட்டாலும், ஓரமாக நின்று ரிதம் பேடு வாசிக்கிற ஒல்லியான ஆளை நீங்கள் பார்த்திருக்கலாம். பெயர் தீனதயாளன். என் தங்கை வேணியைக் கட்டினவர், எனக்கு மச்சான். வேணி அதே குழுவில் பாடகி.

மச்சான் மேடையில் மெஷினைப் பார்க்கவே மாட்டார். பாடுகிறவர் முகத்தைத்தான் பார்ப்பார். பாடகி எங்கே மூச்சு இழுக்கிறாள் என்று பார்த்துத்தான் அவருக்கு அடுத்த அடி விழும். வேணியை அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் கல்யாணத்தில் வந்து நின்றது. இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பிள்ளை இல்லை.

போன மாசியில் வேணிக்குத் தொண்டை கட்டியது. மிளகு, கஷாயம் எல்லாம் பார்த்தாயிற்று. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, குரல்வளையில் புற்று, அதை எடுத்தே ஆகவேண்டும் என்றார்கள். எடுத்தால் உயிர் இருக்கும், பாட்டு இருக்காது. பேச்சும் இருக்காது. மூன்று வாரம் கழித்து நாள் குறித்தார்கள்.

அதே வாரத்தில் என் மகள் கலைப்பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. எனக்கு முதல் பேத்தி. அந்த மூன்று வாரமும் எனக்குச் சிரிக்க வெட்கமாக இருந்தது, சிரிக்காமல் இருக்கவும் முடியவில்லை. குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு வெளியே வருவேன், உடனே தங்கை ஞாபகம் வரும்.

மச்சானிடம் ஒரு பாட்டுப் பெட்டி இருந்தது. கம்ப்யூட்டர் இல்லாமல் தானே ஓடுகிற பெட்டி. பதினாறு ரப்பர் கட்டைகள், நடுவில் சின்னத் திரை. புதுச்சேரியில் ஒருவரிடம் பழசாக வாங்கியது. வேணி பாட்டை அதில் பதிந்துவிட்டால், கட்டையைத் தட்டும்போதெல்லாம் அவள் குரல் வரும், மேடையில் எப்போதும் போல அவள் பக்கத்தில் நிற்கலாம் என்பது அவர் கணக்கு. வேணியும் அதற்குத் தலையாட்டினாள். அந்த ஒரு ஆசையில்தான் அவள் ஆஸ்பத்திரிக்கே சம்மதித்தாள்.

ஸ்டூடியோவுக்குப் போகலாமே என்றேன். கண்ணாடி ரூமில் தெரியாதவர்கள் முன்னால் இந்தத் தொண்டையோடு பாடமாட்டேன் என்றாள் வேணி. போனில் எடுத்துவிடலாம் என்று மச்சானிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"போன்ல எடுத்தா அது போனு வேணி, மச்சான். கூட வாழ்ந்த வேணி வேற."



பெட்டியில் மைக்கை நேராகச் சொருகினால் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டது. மைக்குக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு சின்ன டப்பா வேண்டுமாம். ஆடியோ இன்டர்பேஸ் என்று பெயர். திண்டிவனத்தில் ஒன்று வாங்கி வந்தார். அதில் விளக்கே எரியவில்லை. பெட்டி கொடுக்கிற கரண்டு அதற்குப் பத்தவில்லை. இரண்டாவதை விழுப்புரத்தில் சவுரிராயன் என்பவர் கடையில் வாங்கினார். விளக்கு எரிந்தது, ஹெட்போனில் ஒன்றும் கேட்கவில்லை. பஸ் ஏறித் திரும்பப் போனார்.

சவுரிராயன் பொறுமையான ஆள். கம்ப்யூட்டரில் மாட்டி, டிரைவர் என்கிற சாப்ட்வேரை ஏற்றினால் டப்பா வேலை செய்யும் என்று விளக்கியிருக்கிறார். இவர், இதில் கம்ப்யூட்டரே கிடையாதே என்றிருக்கிறார்.

"அப்ப பேஜாருதாங்க. டிரைவர் கேக்காத டப்பாவா இருக்கணும். தேடித்தான் பாக்கணும்."

அப்புறம் தினமும் அதே வேலை. நெட்டில் யாராவது இந்தப் பெட்டிக்கு இந்த டப்பா சேரும் என்று எழுதியிருப்பார்கள். மச்சான் அந்தப் பெயரைச் சீட்டில் எழுதிக்கொண்டு கடை கடையாகக் கேட்பார். ஒரு கடையில் அந்த டப்பா வருவதே நின்றுவிட்டது என்பார்கள். இன்னொன்றில் பத்து நாள் ஆகும் என்பார்கள். வேணிக்கோ நாளுக்கு நாள் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. காலையில் கஞ்சி குடித்த பிறகு கொஞ்ச நேரம்தான் குரல் தெளிவாக இருக்கும்.

ஆஸ்பத்திரியில் சேர்க்க ஒருநாள் இருக்கும்போது சவுரிராயன் கூப்பிட்டு, சரியான டப்பா வந்துவிட்டது என்றார். பாட்டுப் பெட்டியையும் எடுத்து வரச் சொன்னார், மாட்டிக் காட்டுகிறேன் என்றார். மச்சான் அப்போது விழுப்புரத்துக்குப் பக்கத்தில் காணை என்கிற ஊரில் வேணியின் காப்பீட்டுக் காகிதத்துக்காக ஒருவரைப் பார்க்கப் போயிருந்தார். பெட்டி திண்டிவனத்தில் இருந்தது. அப்படியே விழுப்புரம் போய் டப்பாவை மட்டும் வாங்கி வந்துவிட்டார். சொருகினால் போதாதா என்று நினைத்தார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கிளியனூரில் என் வீட்டில் இறங்கினார்கள். புதுச்சேரிக்குப் போகிற வழிதான். குழந்தைக்கு முப்பது நாள் ஆகாததால் வெளியே தூக்கக்கூடாது. பேத்தியைப் பார்த்துவிட்டு, இங்கேயே பாடிவிட்டுப் போகிறேன் என்று வேணி சொல்லியிருந்தாள்.

கட்டிலில் பெட்டியை வைத்து, டப்பாவைச் சொருகி, மைக்கை நிறுத்தினார். டப்பாவில் பச்சை விளக்கு எரிந்தது. ஹெட்போனை டப்பாவில் மாட்டி, வேணியைப் பேசச் சொன்னார். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எனக்கும் மாட்டிவிட்டார். வேணி என் காதுக்குள் உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. பெட்டியில் பதிவுக் கட்டையை அழுத்தினார். சிவப்பு விளக்கு வந்தது, திரையில் நிமிடக் கணக்கு ஓடியது. அவ்வளவுதான், திரும்பி வேணியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். தொடையில் தாளம் போட்டார். பெட்டித் தாளம் வேண்டாம், அதற்கு ஈடுகொடுத்துக் கத்துவாள் என்றார்.

முதலில் திருவிழாவில் எப்போதும் தொடங்குகிற அம்மன் பாட்டு. அடுத்து கல்யாண வீட்டு ஊஞ்சல் பாட்டு. மூன்றாவது என் பேத்திக்குத் தாலாட்டு. அது வேணியே அந்த நேரத்தில் கட்டினது. குழந்தை என் மடியில் இருந்தது. மூக்கு, விரல், பாட்டன் தலையின் வழுக்கை, எல்லாம் பாட்டில் வந்தது.

"பெட்டியில விழுந்துச்சா?" என்றாள் வேணி.

"எல்லாம் விழுந்துச்சு. ரெண்டு எடத்துல சுருதி எறங்கிச்சு."

"உன் காது எறங்கிச்சு, போய்யா."

சிரித்துக்கொண்டேதான் பஸ் ஏறினாள்.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. மூன்றாம் நாள் மச்சான் துணி எடுக்கத் திண்டிவனம் வந்தவர், கூடவே கொண்டுவந்திருந்த பெட்டியைப் போட்டுப் பார்த்திருக்கிறார். பதினோரு நிமிடம் பதிவாகியிருந்தது. பதினோரு நிமிடமும் வெறுமை.

பெட்டியையும் டப்பாவையும் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்கு ஓடினார். சவுரிராயன் திரையில் இரண்டு இடத்தைத் தொட்டார். டப்பாவைச் சொருகினால் மட்டும் போதாதாம், எதிலிருந்து பாட்டை எடுக்கவேண்டும் என்று பெட்டியில் அதன் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். ஹெட்போனில் கேட்டது டப்பா நேராகக் கொடுத்த சத்தம். அது பெட்டிக்குள் போகவே இல்லை. பதிவு ஆகும்போது திரையில் ஒரு கோடு ஏறி இறங்க வேண்டும், அதைப் பார்க்கவில்லையா என்று கேட்டாராம். பிறகு பதிவை அழுத்திவிட்டு இருமிக் காட்டினார். இருமல் அச்சாக வந்தது.

"நான் அவ மொகத்த பாத்துக்கினு இருந்தேன், மச்சான்," என்றார் மச்சான் என்னிடம்.

இரண்டு வாரம் கழித்து வேணி வீட்டுக்கு வந்தாள். கழுத்தில் மூச்சு விட ஒரு ஓட்டை, அதன்மேல் துணி. அன்று நானும் திண்டிவனத்தில் இருந்தேன். வந்ததும் பெட்டியைக் காட்டி, காதைத் தொட்டாள். போடு என்கிறாள்.  மச்சான் சொல்லிவிட்டார். ஒன்றும் விழவில்லை, தப்பு என்னுடையது என்று மட்டும்.

அவள் நம்பவில்லை. ஹெட்போனைத் தானே மாட்டிக்கொண்டாள். மச்சான் பெட்டியை ஓடவிட்டார். வேணி கண்ணை மூடவில்லை, அழவில்லை. பதினோரு நிமிடத்தையும் கேட்டாள். நடுவில் மச்சான் கழற்றக் கை நீட்டியபோது தட்டிவிட்டாள்.

முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, மச்சானின் தொடையில் விரலால் தட்டினாள். அம்மன் பாட்டின் தாளம். மச்சானுக்குப் பாட வராது. ஆனாலும் பாடினார். தப்பு வந்த இடத்தில் அவள் தலையை ஆட்டினாள், அவர் திருத்திப் பாடினார். ஊஞ்சல் பாட்டும் அப்படியே முடிந்தது.

மூன்றாவது, தாலாட்டு. மூக்கு வந்தது, விரல் வந்தது. வழுக்கைக்கு அப்புறம் ஒரு அடி மச்சானுக்கு வரவில்லை. வேணி நோட்டை எடுத்து எழுதப் பார்த்தாள். பேனா நின்றுவிட்டது. அவளுக்கும் வரவில்லை. இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

நானும் அந்த அறையில்தான் இருந்தேன். அந்த அடியை அவள் பாடும்போது என் பேத்தி கொட்டாவி விட்டாள். நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.