வரேன் என்று சொல்லிவிட்டுப் போனேன்

எழுபதுகளில் கும்மிடிப்பூண்டியில் கம்பெனிகள் வரத் தொடங்கிய சமயம், நான் ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் பிள்ளை பார்க்கிற வேலைக்குப் போனேன். அவர் ஜெர்மனியிலிருந்து மிஷின் மாட்ட வந்தவர். கூட மனைவி, ஒன்றரை வயதில் ஒரு பெண் குழந்தை. நான் ஐந்தாவது வரை படித்தவள். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷே அரைகுறைதான். எனக்கு அதுவும் கிடையாது. என் வாயைப் பார்த்துப் பார்த்து அவர் தமிழ் கற்றுக்கொண்டார். வா, பால், சோறு, சரி, வேண்டாம். அதிகமாகச் சொன்னது 'தூக்காதே'.

என் வீட்டில் எனக்கும் இரண்டு வயதில் ஒரு மகன். அவன் என் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை. இங்கே குழந்தை தடுக்கி விழும், அந்த அம்மா நின்ற இடத்தில் நின்று பார்ப்பார். எனக்குக் கை தானாக நீளும். "தூக்காதே" என்பார். குழந்தை அழுதுவிட்டுத் தானே எழும். பகல் தூக்கத்துக்கு அதைக் கம்பி அடைத்த கட்டிலில் போட்டுக் கதவைச் சாத்திவிடுவார். உள்ளே அது கத்தும். நான் வெளியே முந்தானையை வாயில் கடித்துக்கொண்டு நிற்பேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். ஒரு நாள் கிட்டத்தில் பார்த்தால் அவர் உதட்டையும் பல்லால் கடித்துக்கொண்டுதான் இருந்தார்.

குழந்தையின் கன்னத்தில் நான் வைத்த மைப்பொட்டை அழுக்கு என்று நினைத்து மூன்று நாளும் துடைத்தார். நாலாம் நாள் நான் வைக்கவில்லை. என் மகனை ஒரு முறை அழைத்துப் போனபோது, காக்காய் காட்டி அவனுக்குச் சோறு ஊட்டுவதைப் பார்த்துவிட்டு, "பாவம். கை இல்லையா?" என்று கேட்டார். கேலியா, நிஜமாகத்தான் கேட்டாரா என்று தெரியவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன். எனக்கு யாரிடமும் பதில் பேச வராது.

சாயங்காலம் ஆறு மணிக்கு அவர் கணவர் வந்து குழந்தையை வாங்கிக்கொள்வார். ஆண்பிள்ளை முன்னால் வாய் திறக்க வெட்கம். செருப்பை மாட்டிக்கொண்டு சத்தமில்லாமல் போய்விடுவேன். அந்த அம்மா உள்ளேயிருந்து கூப்பிட்டால் மட்டும் "வரேம்மா" என்று குரல் கொடுப்பேன், அடுத்த நொடி போய் நிற்பேன். என் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லுக்கு அவர் அறிந்த அர்த்தம் அதுதான்.

அன்றைக்கு அவர் கணவர் மெட்ராஸ் போயிருந்தார். நாலு மணி இருக்கும். குழந்தை முன்பக்கம் வேப்பமரத்தடியில் ஒரு கரண்டியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தது. நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். வாட்ச்மேன் டீ குடிக்கப் போயிருந்தார். கேட்டுக்கு வெளியே என் நாத்தனார் மூச்சு வாங்க வந்து நின்றாள்.

"அண்ணி, சீக்கிரம் வா. புள்ளைக்கு ஜொரம் அனலா காயுது, கண்ணு மேல சொருவுது."

உள்ளே ஓடினேன். அந்த அம்மா பின் அறையில், எனக்கு முதுகு காட்டி, ஊருக்குக் கடிதம் டைப் அடித்துக்கொண்டிருந்தார். "அம்மா, புள்ளைக்கு ஜொரம். வரேம்மா" என்றேன். என் குரல் எனக்கே பாதிதான் கேட்டது. அவர் திரும்பாமல் "சரி" என்றார். அந்தச் சரியை வாங்கிக்கொண்டு ஓடினேன். கேட்டை இழுத்தது நினைவிருக்கிறது. கொண்டியைப் போட்டேனா என்பது இன்று வரை நினைவில் இல்லை.

வீட்டில் மகன் கையும் காலும் வெட்டிக்கொண்டு கிடந்தான். ஈரத்துணி போட்டுப் போட்டு, கண் தெளிந்து "ம்மா" என்று சொல்ல அரை மணிக்கு மேல் ஆயிற்று. அப்போதுதான் வாசலில் சைக்கிள் விழுகிற சத்தம். வாட்ச்மேன்.

"இன்னாமே, கொயந்தைய எங்க வெச்சுகினுகீறே?"

"தோ, படுத்துகினுகீறான்."

"உன்னுத கேக்கல. வெள்ளக்காரக் கொயந்த! ஊட்ல காணோம். நீ தூக்கினு போய்ட்டேன்னு அந்தம்மா தலையில அட்ச்சிக்கினுகீது. போலீசுன்றாங்க."

மகனை நாத்தனார் மடியில் கிடத்திவிட்டு வெளியே வந்தேன். "ஏறு பின்னால" என்றார். அயல் ஆண் ஓட்டும் சைக்கிளில் அதுவரை நான் ஏறியதில்லை. அன்றைக்கு ஏறினேன்.

வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பம்ப்செட் கிணறு, கைப்பிடிச் சுவர் இல்லாதது. அந்த அம்மா அதன் விளிம்பில் நின்றிருந்தார். காலில் ஒற்றைச் செருப்பு. என்னைப் பார்த்ததும் பாய்ந்து வந்து மணிக்கட்டைப் பிடித்தார்.

"எங்கே?"

"தெரியலம்மா."

"நீ வரேன்! நீ சொல்றது வரேன்!"

"ஆமாம்மா. சொல்லிட்டுத்தானே போனேன்."

"போனேன்?" அவர் என் முகத்தை வெறித்துப் பார்த்தார். இருவரும் உண்மையைத்தான் சொன்னோம். இருவருக்கும் அது பொய்யாகப் பட்டது.

வாட்ச்மேன், விழுந்த வாளியைக் கொக்கி போட்டு எடுக்கிற பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டிக் கிணற்றில் விட்டார். அடியில் எதிலோ மாட்டியது. அவர் இழுக்க இழுக்க அந்த அம்மாவின் நகம் என் கையில் இறங்கியது. மேலே வந்தது ஒரு கிழிந்த கோணி. "பெருமாளே" என்றார் வாட்ச்மேன். மறுபடி விட்டார்.

என்னால் அதைப் பார்க்க முடியவில்லை. முகத்தைத் திருப்பியபோது ரோட்டுக்கு அந்தப் பக்க ஓரத்தில் ஏதோ மின்னியது. கரண்டி. குழந்தை மண் கிளறிய கரண்டி. லாரி போகிற ரோடு அது. கையை உதறிக்கொண்டு ஓடினேன். அவர் பின்னாலேயே வந்தார்.

எதிர்ப்பக்கம் எருமை வைத்திருந்த தெலுங்குக்கார அம்மாவின் கொட்டாய். சாணி மணத்துக்கு நடுவில் அவள் இடுப்பில் குழந்தை உட்கார்ந்திருந்தது. வாய் முழுக்கத் தயிர்சோறு. கன்னத்தில் விரல் அகலத்துக்குச் சட்டிக்கரி.

அந்த அம்மா பறிக்கப் போனார். தெலுங்குக்காரி விடவில்லை.

"இருமா, வாயில சோறுகீது, பொரை ஏறும். பெத்தவளா நீ? ரோட்ல தனியா நடந்து வருது! கேட்டாண்ட நின்னு கத்துனேன், உள்ள டக்கு டக்குன்னு சத்தம், ஒருத்தியும் வரல. கொயந்த பசியில கெடந்துச்சி, சரி, துன்னட்டும்னு வெச்சுகினேன்." என் பக்கம் திரும்பினாள். "நீ எங்கமே போய்ட்டே, மகராணி?"

அந்த அம்மா குழந்தையை வாங்கிய வேகத்தில் அது வீல் என்று அழுதது. சோற்றுக் கிண்ணத்துக்குக் கை நீட்டியது. அவர் அங்கேயே சாணித்தரையில் உட்கார்ந்து, கிண்ணத்தை வாங்கி, தன் விரலால் ஊட்டினார். ஒழுங்காக ஊட்ட வரவில்லை. பாதி கீழே சிந்தியது.

வீட்டுக்கு வந்ததும் என்னையும் வாட்ச்மேனையும் முன்னால் நிற்க வைத்தார். கோபம் அடங்கவில்லை, அழுகையும் அடங்கவில்லை. ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார்.

"பால்காரன் வரேன். வண்ணான் வரேன். வாட்ச்மேன் வரேன். எல்லாரும் வரேன் சொல்றது. யாரும் வரல! நான் கதவு திறந்து நிக்கறது. ஏன்?"

வாட்ச்மேன் சிரித்துவிட்டார். அந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கினார். என்னை இடித்து, "சொல்லுமே. சொல்லலன்னா திருட்டுப் பட்டம்தான் உனக்கு" என்றார்.

முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு சொன்னேன். "போறேன்னு சொல்லக்கூடாதும்மா. கொயந்த இருக்கற ஊட்ல சொல்லவே கூடாது. செத்தவங்கதான் போறது. நாங்க திரும்பி வருவோம்ல. அதான் வரேன்."

'செத்தவங்க' அவருக்குப் புரியவில்லை. வாட்ச்மேன் கண்ணை மூடி, நாக்கைத் தள்ளி, கழுத்தைச் சாய்த்துக் காட்டினார். அந்த அம்மா குழந்தையின் கன்னத்துக் கரியைப் பார்த்தார். ஈரத்துணியை எடுத்தார்; கரியைத் துடைக்கவில்லை, அதைத் தன் முகத்தில் போட்டுக்கொண்டார்.

"உன் பிள்ளை?" என்று கேட்டார். "ஜொரம் இறங்கிடுச்சும்மா" என்றேன். வேலை உண்டா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மறுநாள் பயந்துகொண்டே போனேன். கேட் பூட்டியிருந்தது. அவரே வந்து திறந்தார். பகல் முழுக்க நான் குழந்தையைத் தூக்கினேனா என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. நான்தான் ஒவ்வொரு தடவையும் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தூக்கினேன். ஆறு மணிக்கு, அவர் கணவர் வந்த பிறகும், குழந்தையைத் தானே வந்து என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"இப்போ நீ என்ன சொல்வே?"

போறேன் என்று சொல்லச் சொல்வாரோ என்று பயந்தேன். இரவெல்லாம் யோசித்து ஒரு பதில் வைத்திருந்தேன்.

"நாளைக்கு வரேம்மா."

"நாளைக்கு," என்று அவர் மெல்லச் சொல்லிப் பார்த்தார். "நாளைக்கு வரேன். இப்போ இல்லை."

"இப்ப இல்லம்மா."

குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்கும் வரை நான் படியிலேயே நின்றேன்.